மூடியைத் திறந்தால் ஓடும் வண்டி

முருகேசின் ஓட்டோ நாலாவது தடவையாகக் கட்டுகஸ்தோட்டையில் உள்ள என் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வரப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை.

"என்னா மகன், திரும்பவுமா?"

"திரும்பவுந்தான் நானா. மடவளை ரோட்டு ஏத்தத்துல புள்ளைங்களோட நின்னுருச்சி. எறங்கித் தள்ளுச்சிங்க. ஒரு பொடியன் கேக்குறான், 'அங்கிள், தள்ளுறதுக்கும் நாங்கதான் காசு குடுக்கணுமா'ன்னு."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழு பேரை ஏற்றி இறக்குவதுதான் முருகேசின் நிரந்தர வருமானம். அதில் மூன்று பேரைப் பெற்றோர் ஏற்கெனவே வேனுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். கல்யாணம் முடித்து இங்கே பாலத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறான். முஸ்லிம்களை இங்கே அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்பார்கள், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். சிரித்துக்கொண்டுதான் பேசினான். ஆனால் அடுத்து சொன்னதில் சிரிப்பு இல்லை.

"இதுதான் கடைசி நானா. ஞாயித்துக்கெழம கெலிஓயால இருந்து ஒருத்தர் வாறாரு. வண்டியக் குடுத்துட்டு கட்டாருக்குப் போறேன். பாஸ்போர்ட் எடுத்தாச்சி. வசந்தி ரெண்டு நாளா பேசல."

வசந்தி அவனுடைய மனைவி. மகளுக்கு இரண்டு வயது. நான் கையில் இருந்த நட்டுகளைத் தட்டில் போட்டுவிட்டு மறுபடி எண்ணினேன். மனம் சரியில்லாவிட்டால் எண்ணுவது என் பழக்கம். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. மனம்தான் சரியாகவில்லை.

பெற்றோல் டேங்கில் இருந்து சிலிண்டருக்குப் போகும் வழியில் ஏழு இடங்களில் தடைப்படலாம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்பவன் நான். டேங்க், திறந்து மூடும் டெப், ஹோஸ், பில்டர், காபரேட்டரின் நீடில், ப்ளோட், ஜெட். முதல் மூன்று தடவையிலும் ஏழையும் பார்த்துவிட்டேன். ஹோஸும் பில்டரும் புதிது. ஜெட்டைக் கழற்றி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயிற்று. ப்ளக்கில் நெருப்புப் பொறி நன்றாக வந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ப்ளக் காய்ந்து கிடந்தது. அதாவது பெற்றோல் வந்து சேரவில்லை. சரி என்று டேங்க் மூடியைத் திறந்து, டோர்ச் அடித்து, பெற்றோல் இருப்பதைப் பார்த்து, ஸ்டார்ட் பண்ணினால் முதல் தடவையிலேயே பிடிக்கும். கராஜில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் நிற்காது.

மூடியை முதலில் திறந்து பார்க்கும் பழக்கம் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. அப்போது எஞ்சின் பழுது என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் வெறும் டேங்கோடுதான் வந்தன.

அன்று ஜும்ஆத் தொழுகைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசலில் கராஜ் நினைப்பு வரக்கூடாது. வந்துவிட்டது. அல்லாஹ் மன்னிக்கட்டும். நினைவுக்கு வந்தது கனடா.

அங்கே பதினொரு குளிர்காலம் ஸ்னோமொபீல் கராஜில் வேலை செய்தேன். ஸ்னோமொபீல் என்பது முன்னால் இரண்டு சறுக்குக் கட்டையும் பின்னால் ரப்பர் பட்டியும் வைத்து, பனிமேல் ஓடும் வண்டி. சில்லு, அதாவது சக்கரம், இல்லை. ஆனால் பெற்றோல் போகும் வழி நம்முடைய வண்டிகளைப் போலத்தான். ஒரு வாடிக்கையாளரின் வண்டி உறைந்த ஏரியின் நடுவில் நின்றுவிடும். கட்டி இழுத்துக் கொண்டு வருவார். ஹீட்டர் போட்ட கராஜுக்குள் அதே வண்டி தேன் போல ஓடும். நான் காபரேட்டரை மூன்று தடவை கழற்றிப் பூட்டினேன். கடைசியில் எங்கள் போர்மன் சொன்னார்: "அதை உள்ளே கொண்டு வராதே. நீ வெளியே போ."

ஏரியில் போய்ப் பார்த்தேன். டேங்குக்குக் காற்று போகிற சின்ன ஹோஸில் பனி உறைந்து அடைத்திருந்தது. கராஜின் சூட்டில் அது உருகிவிடும். நான் கருவியைத் தொடும் முன்பே வண்டி குணமாகி நிற்கும். அப்புறம் நான் எதைத் தேடுவது?

தொழுகை முடிந்ததும் நேராகக் கராஜில் காத்திருந்த முருகேசிடம் வந்தேன்.

"மகன், இண்டைக்கி நான் ஒண்டும் கழட்டல்ல. டேங்க நெரப்புங்க. நின்ட எடத்துக்கே போவோம். போற வழியில மூடியில கை வெக்காதீங்க."

"சும்மா போய் நிக்கிறதுக்கா நானா? மறுபடி தள்ளணுமே!"

"நானும் தள்றன்."

"நீங்களா? அப்பறம் ஒங்களயும் சேத்துத் தள்ளணும்."

பின் சீற்றில் உட்கார்ந்தேன். மடவளைப் பாதையில் ஏற்றம் தொடங்கி முதல் வளைவு தாண்டியதும் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது. இறங்கி, பின்பக்கத்தைத் திறந்து, காபரேட்டரின் அடி நட்டைத் தளர்த்தினேன். ஒரு துளி கூட விழவில்லை. டேங்க் நிறையப் பெற்றோல். டெப் திறந்திருக்கிறது. பிறகுதான் மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

முருகேஸ் பின்னால் துள்ளினான். "பாம்பா நானா?"

"பாம்பு இல்ல. மூச்சு."

அடுத்த கணம் காபரேட்டரின் அடியில் பெற்றோல் ஒழுகத் தொடங்கியது. இந்த வண்டியில் பம்ப் கிடையாது. மேலே இருக்கிற டேங்கில் இருந்து பெற்றோல் தானாக இறங்க வேண்டும். இறங்கிய அளவுக்கு வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவில் ஓர் ஓட்டை இருக்கும். மூடியின் மேற்பக்கத்தைப் பார்த்தேன். ஓட்டையைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம். ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, சீமெந்து மாதிரி இறுகி, அதற்கு மேல் அன்று காலை வைத்த புதுக் குங்குமம்.

"இது வசந்தி வெக்கிறது நானா," என்றான் முருகேஸ், குரலைத் தாழ்த்தி. "பெற்றோல் இல்லாத நேரம் லைன்ல கெடந்து டேங்க் நெறச்சிட்டு வந்தேன் பாருங்க, அன்னைக்குத் தொடங்கினா. வெள்ளிக்கு வெள்ளி. மத்த எடத்த எல்லாம் நான் கழுவுவேன். இதுல மட்டும் கை வெக்க மாட்டேன்."

கராஜில் ஒவ்வொரு தடவையும் நான் முதலில் திறந்த மூடி அது; திறந்ததும் காற்றுப் போய் வண்டி குணமாகிவிட்டது. அதைக் கண்டிருக்கிறேன். பூசை விஷயம் என்று பார்வையை எடுத்துவிடுவேன். இப்போதும் சுரண்ட எனக்குக் கை வரவில்லை. அவனே ஸ்க்ரூ ட்ரைவரால் மெல்ல எடுத்தான். நான் மெல்லிய கம்பியால் ஓட்டையைத் திறந்தேன். மூடியைப் பூட்டிக்கொண்டு மடவளை வரை ஏறித் திரும்பினோம். வண்டி ஓர் இருமல் கூட இருமவில்லை.

வரும் வழியில் அவன் கெஞ்சினான். "அவகிட்ட சொல்லிறாதீங்க நானா. நான் நல்லா இருக்கணும்னு வெச்சது. அதாலதான் வண்டி நின்னுச்சின்னா ஒடஞ்சி போயிருவா."

சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளி மறுபடி சந்தனம் வரும். சொன்னால், ஒரு முஸ்லிம் கிழவன் வீட்டு வாசலுக்கு வந்து பூசையைக் குறை சொன்னான் என்று ஆகலாம். எப்படிச் சொல்வதென்று நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன். நாலும் பிடிக்கவில்லை.

வசந்தி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஒத்திகை எல்லாம் மறந்துபோய், வண்டியில் இருந்து கழற்றி வந்த மூடியை நீட்டி, உள்ளதை அப்படியே சொன்னேன். ஓட்டை எதற்கு, காற்று எதற்கு, சந்தனம் எங்கே இருந்தது என்று. அவள் மூடியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைப் பார்த்தாள். பிறகு அவள் என்னை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"இத்தன நாளா இத நீங்க தொடைக்கவே இல்லியா?"

"நீ வெச்சத நான் எப்பிடி அழிக்கிறது?"

"அட மனுசா! சாமியவே குளிப்பாட்டிட்டுத்தானே பொட்டு வெக்கிறோம்!"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப வண்டியில வேற கோளாறு இல்லியா நானா?"

"இல்ல மகள்."

அவள் அலுமாரிமேல் இருந்த போனை எடுத்து முருகேசின் கையில் வைத்தாள். "கெலிஓயாக்காரருக்கு எடுங்க."

அவன் எடுத்தான். கட்டாருக்குப் போகவில்லை, வண்டி விற்பனைக்கு இல்லை என்றான். அந்தப் பக்கம் ஏதோ கோபமாகக் கேட்டது. அவன் நாலு தடவை மன்னிப்புக் கேட்டான்.

இதை வாசிக்கும், கராஜ் வேலை பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஓடி ஓடி நிற்கிற வண்டி வந்தால் கராஜில் வைத்துத் தேடாதீர்கள். நிற்கிற இடத்துக்கு அதோடு போங்கள். டேங்கை நிறைத்துக்கொண்டு போங்கள், நிறைந்த டேங்கில் காற்று குறைவு, குறை சீக்கிரம் தெரியும். மூடியைக் கடைசியாகத் திறங்கள், காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள். இரண்டாவது, கண்டுபிடித்ததை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடமே சொல்லுங்கள். நாம் பயப்படுகிற அளவுக்கு மனிதர்கள் உடைந்து போவதில்லை.

நான் புறப்படும்போது வசந்தி ஓட்டோவின் பின்பக்கம் வந்து நின்றாள். "அப்ப இனி எங்க வெக்கட்டும் நானா? நீங்களே எடம் காட்டுங்க."

என் கராஜ் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. டேங்கைச் சுற்றிப் பார்த்தேன். ஓட்டை, மூட்டு, குழாய், சூடு எதுவும் இல்லாத ஓர் இடம் பக்கவாட்டில் இருந்தது. என் சட்டை நுனியால் அந்த இடத்தை இரண்டு தடவை துடைத்துவிட்டு, விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இங்க வைங்க மகள். நல்ல எடம்."