சாகக் கூடாத ராஜா

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எழுத வரும். அப்பா வெண்பா எழுதுவார். அக்கா அதில் தளை தட்டுகிறது என்று சொல்லிவிட்டு, அதைவிட நல்லதாக ஒன்று எழுதிக் காட்டுவாள். நான் எழுதியது நாடகம். அப்பா படித்துவிட்டு, "ம்" என்பார். அவ்வளவுதான் விமரிசனம். அதற்குப் பயந்தே நான் எழுதியதை நானே மேடையேற்ற ஆரம்பித்தேன். மேடையில் ஏறிவிட்டதை அப்பாவால் திருத்த முடியாதல்லவா?

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ராத்திரி விளக்குப் போடக் கூடாது என்பதால் மலாக்காவின் காஜா பேராங் தெருக் கொட்டகையில் பகல் மூன்று மணிக்கு நாடகம். பிஸ்கட் டின்னில் கிரீடம், மரவள்ளி மாவில் முகப்பூச்சு. ராஜாவின் கன்னத்தைப் பார்த்து மந்திரி எச்சில் விழுங்கியதை நானே கண்டிருக்கிறேன்.

ராஜபார்ட் எங்கள் பக்கத்துத் தெரு மலாக்காச் செட்டிக்காரர். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய். தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரலுக்கு ராஜ்ஜியமே கொடுக்கலாம். அக்கா ஒவ்வொரு வரிக்கும் ஓர் அசைவு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாள். இந்த வரிக்குக் கை, அந்த வரிக்கு வாள், "விடைபெறுகிறேன்" என்றால் முழங்கால் மடங்கி விழ வேண்டும். திரை இறங்கும்வரை பிணம் அசையக் கூடாது. மனிதர் இரண்டு மாதம் உழைத்தார்.

நாடகத்தன்று காலை, ஜப்பானிய அதிகாரியிடம் துபாஷி வேலை பார்த்த தமிழர் வந்தார்.

"என்னண்ணே, கடைசில ராஜா செத்துப்போறாராமே? எந்த ராஜான்னு கேக்குறாங்க."

"கதை ராஜாதான் தம்பி."

"அவங்களுக்கும் அங்க ஒரு ராஜா இருக்காருல்ல? அதிகாரி முன்வரிசையில உக்காரப்போறாரு. இன்னிக்கு ராஜா சாகக் கூடாது. செத்தா, நீங்கதான் அடுத்து."

மூன்று தடவை கக்கூசுக்கு ஓடினேன். நடுவில் கிடைத்த நேரத்தில், வைத்தியர் வந்து ராஜாவைக் காப்பாற்றுவதாக முடிவை மாற்றினேன். புது வசனம் படிக்க ராஜபார்ட்டுக்கு நேரமில்லை. "கடைசியில் விழாதீர்கள், சும்மா நில்லுங்கள், போதும்" என்று மலாயில் கெஞ்சினேன். "போலே, போலே" என்று ஒப்புக்கொண்டார்.

மேடையில் "விடைபெறுகிறேன்" வந்தது. வாய் சொன்னதை முழங்கால் கேட்டது. தடாலென்று விழுந்தார். வைத்தியர் வேஷக்காரர் முன்வரிசையைப் பார்த்தார். கொட்டகையின் பின்பக்கம் வழியாகப் போயே போய்விட்டார்.

திரைமறைவில் புத்தகத்தோடு நின்ற அக்கா என் முதுகில் கை வைத்தாள். "போடா, போய் எழுப்பு!"

"காலு வரமாட்டேங்குதுக்கா!"

"உன் ராஜாதானே? நீயே எழுப்பு!" ஒரே தள்ளு.

கையில் குடித்துக்கொண்டிருந்த கருங்காப்பிக் குவளையோடு மேடையில் நின்றேன். "அரசே, அமுதம்!" என்று கத்தினேன். குரல் கோழிக்குஞ்சு போல வந்தது. பிணம் அசையவில்லை. அக்காவின் பயிற்சி அப்படி. காப்பியை முகத்தில் ஊற்றினேன். மரவள்ளி மாவு கூழாகி வழிந்ததே தவிர, கண் திறக்கவில்லை. கடைசியில் காதருகே குனிந்து, "பாங்குன்லா, எழுந்திருங்கள், என்னைக் கொல்லப்போகிறார்கள்!" என்று மலாயில் அழுதேன்.

எழுந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு வசனமே இல்லை. வசனம் இல்லாமல் அந்நாளில் நாங்கள் எல்லோரும் பழகியிருந்தது ஒன்றுதான். வடகிழக்கே, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் டோக்கியோ திசை பார்த்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கொட்டகை மொத்தமும் விருட்டென்று எழுந்து குனிந்தது. அதிகாரி மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பார்? அவரும் எழுந்து குனிந்தார். அக்கா திரையை இறக்கிவிட்டாள்.

அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். துபாஷி மட்டும் என்னைப் பார்த்துத் தன் கழுத்தைத் தடவிக்காட்டிச் சிரித்தார்.

ராஜபார்ட் கூழ் முகத்தோடு வந்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அப்படியே கட்டிக்கொண்டேன். என் சட்டையெல்லாம் மரவள்ளி.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். "கடைசிக் காட்சி நன்றாக இருந்தது," என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீ எழுதினதா?" என்றார்.