அட்டையில் இல்லாத அடுத்த வரி

காஜாக்கா பட்டன்காரரோடு ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் பட்டன்காரர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வரட்டும். அவள் போன அன்றைக்கு அந்த மனுஷர் முதுகுப் பிடிப்பில் குப்புறப் படுத்துக் கிடந்தார். அவர் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது, மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர், கடை கடையாகப் பட்டனும் நூலும் சுமந்து சைக்கிள் மிதிக்கிறவர். இந்தப் பழியையும் ஏற்றினால் அந்த முதுகு தாங்குமா?

இன்னொரு கூட்டம், வளர்த்த அண்ணனை அம்போவென்று விட்டுவிட்டாள், நன்றி கெட்டவள் என்கிறது. மூன்றாவது கூட்டம் பக்தி முற்றிப் புத்தி கலங்கிவிட்டது என்கிறது. அதில் பக்தி முற்றியது என்கிற வரைக்கும் நிஜம். மீதியைக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறக்கலாம்.

தெருவில் அவளுக்குக் காஜாக்கா என்றுதான் பெயர். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்கு ஓரம் கட்டுவதைத் தையற்கடையில் காஜா எடுப்பது என்பார்கள். துணியில் கோடு போட்டு, சின்னக் கத்தியால் ஒரு கீறல் கீறி, கீறின இடம் பிரிந்து வருவதற்குள் நெருக்கமாக ஊசி ஓட்டிக் கட்டிவிட வேண்டும். சட்டைக்கு ஏழு துளை. அண்ணன் துணி வெட்டுவார், இரண்டு தையற்காரர்கள் மிஷினில் தைப்பார்கள், தைத்ததெல்லாம் கடைசியில் இவள் மடிக்கு வந்து சேரும். அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்கிற ஆம்பிளைகளின் நெஞ்சுப் பொத்தான் எல்லாம் இவள் விரல்பட்ட துளையில்தான் நின்றது.

அவள் அறை, கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் திரையை விலக்கினால் கடை, இன்னொரு பக்கம் அண்ணியின் அடுப்பு. ஒரே ஒரு ஜன்னல். அதை மறைத்துத் துணிக்கட்டுகள் கூரை வரை ஏறியிருந்தன. பகலிலும் பல்பு எரியும். வெளியே போக வேண்டுமென்றால் அண்ணன் நிற்கிற வெட்டுமேஜையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சுற்றும்போது "எங்கே?" என்று கேட்பார். அதட்டமாட்டார், தலைகூட நிமிராது, கத்தரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சொன்னால், "சரி, இந்தக் கட்டை முடிச்சிட்டுப் போ" என்பார். கட்டு முடியும்போது அடுத்த கட்டு வந்து உட்கார்ந்திருக்கும். இப்படியே செருப்பு தேயாமல் வருஷம் தேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு மட்டும் குடும்பத்தோடு போய்க் குடும்பத்தோடு வருவாள்.

அண்ணன் கெட்டவரா? அப்படிச் சொன்னால் சொல்கிறவர் நாக்கு அழுகிப்போகும். இவளுக்கு ஒன்பது வயதில் அம்மா அப்பா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். பதினேழு வயதில் கத்தரியைக் கையில் எடுத்துத் தங்கைக்குச் சோறு போட்டவர் அவர். தினம் சாயங்காலம் விளக்கு ஏற்றினதும் குடும்ப ஜெபம் வைப்பார். வேதத்தை அவர்தான் வாசிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். புத்தகம் முன்னறை அலமாரியில் அவர் எடுக்கிற இடத்தில் இருக்கும்.

இருபத்தொன்பதாவது வயதில் அவளுக்கு ஒரு இடம் அமைந்து, எல்லாம் பேசி முடித்த பிறகு தட்டிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் காரணமும் சொல்லவில்லை. கண் வீங்கிப் போய்த்தான் புதுவருஷ ஆராதனைக்குப் போனாள். அன்று காலை ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தட்டு நீட்டுவார். வாக்குத்தத்த அட்டைகள் அதில் கவிழ்ந்து கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குத் தந்த வாக்கு. அண்ணி ஒரு வருஷம் தனக்கு வந்தது பிடிக்காமல் மெல்லத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். ஆண்டவர் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு நினைப்பு.

தங்கைக்கு வந்த அட்டையில், ஆண்டவர் உங்களுக்காகப் போர் செய்வார், நீங்கள் சும்மா இருங்கள் என்கிற வாக்கு இருந்தது. அழுதுகொண்டே படித்தாள். படிக்கப் படிக்க அழுகை நின்றது. அது பொய்யான ஆறுதல் இல்லை. அந்த நாளைக்கு அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. தப்பு அதற்கப்புறம் நடந்தது. அண்ணன் அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மாட்டினார். ஒரு வருஷத்து வாக்கை ஆயுசு முழுக்க நீட்டிவிட்டார்.

அடுத்த வருஷம் இன்னொரு வரன் வந்தது. "உனக்குத்தான் சும்மா இருன்னு எழுதியிருக்கே" என்றார். தையல் பள்ளியில் சொல்லிக் கொடுக்க ஆள் கேட்டார்கள். அதற்கும் அதே பதில். சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போகிறேன் என்றாள். அண்ணன் சுவரைப் பார்த்தார், அவளும் சுவரைப் பார்த்தாள், திரும்பி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். அண்ணன் சொல்லாத நாளிலும் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். எழுந்திருக்க மனசு துடித்தால் அது விசுவாசக் குறைச்சல் என்று பயந்தாள். பூட்டுப் போட்ட வீட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆண்டவரே உட்காரச் சொன்னார் என்று நம்பிவிட்டால் எந்த வழியாகத் தப்புவது? மூச்சு முட்டுகிற நாளில் ஜன்னல் பக்கத்துக் கட்டு ஒன்றை நகர்த்தி இரண்டு விரல் இடைவெளி வழியாக எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். மறுநாள் அந்த இடத்தில் புதுக் கட்டு ஏறியிருக்கும். இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

ஒரு நாள் வேறு ஊர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மேட்ரன் அம்மா ஒருவர், நர்சுகள் போடுகிற மேலங்கிகளைத் தைத்து வாங்கக் கடைக்கு வந்தார். தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் காஜா யார் எடுத்தது என்று கேட்டார். திரைக்குப் பின்னால் காஜாக்காவின் கை நின்றது.

"என் தங்கச்சி" என்றார் அண்ணன்.

மேட்ரன் அம்மா அங்கேயே விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரித் தையலறையைப் பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளை வேண்டும். தங்க அறை உண்டு, சாப்பாடு உண்டு, கூட நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். இந்த மாசம் முடிவதற்குள் வந்து சேர்ந்தால் போதும், அதற்கப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"அவ வரமாட்டாம்மா" என்றார் அண்ணன். "அவளுக்கு வெளியே பழக்கமில்ல. அவளே விரும்பமாட்டா."

திரை இரண்டு அடி தூரத்தில் தொங்கியது. விலக்கிக்கொண்டு போய் நான் வருகிறேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவள் தலையைத் தூக்கி அட்டையைப் பார்த்தாள். மேட்ரன் அம்மா தன் முகவரிச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. அந்தச் சீட்டு அன்றே குப்பைக் கூடைக்குப் போனது. கூடையைக் கொட்டுகிற வேலை அண்ணியுடையது. அண்ணி அதைக் கொட்டவில்லை. சாயங்காலம் தேநீர் கொண்டுவந்து வைத்தபோது தம்ளருக்கு அடியில் மடித்து வைத்துவிட்டுப் போனாள். அண்ணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

அந்த வாரம்தான் குடும்ப ஜெபத்தில் வாசிப்பு வரிசை மோசே ஜனங்களைக் கடல் கடத்திய கதைக்கு வந்தது. அண்ணன் வாசித்துக்கொண்டே வந்தார். ஜனங்களுக்கு முன்னால் கடல், பின்னால் துரத்தி வரும் படை. நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறார்கள். மோசே அவர்களைப் பார்த்து, பயப்படாதீர்கள், ஆண்டவர் போர் செய்வார், சும்மா இருங்கள் என்கிறார். அண்ணன் அந்த இடத்தில் தலையை நிமிர்த்தி, "பார்த்தியா, உன் வாக்குத்தத்தம்" என்று புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் கடல் கடந்து பாட்டுப் பாடுகிற அடுத்த அதிகாரத்தில் ஆரம்பித்தார்.

நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. பன்னிரண்டு வருஷமாகத் துளைக்குத் துளை இடைவெளி அளந்தவள் இவள். மூன்றாவது துளைக்கு அப்புறம் ஐந்தாவது வந்தால் அவள் கண் விடாது. கடலுக்கு முன்னால் நின்ற ஜனங்கள் எப்படி மறு கரைக்குப் போனார்கள்? நடுவில் இருந்தது எங்கே?

அண்ணன் துணி எடுக்க மொத்தக்கடைக்குப் போன மத்தியானம், அவள் முன்னறை அலமாரியைத் திறந்தாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெல்ல மெல்லத் தேடினாள். தன் வசனத்தைக் கண்டுபிடித்தாள். அட்டையில் அது அங்கே முடிந்திருந்தது. புத்தகத்தில் முடியவில்லை. அதற்கு அடுத்த வரியிலேயே ஆண்டவர் மோசேயிடம், ஏன் என்னைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய், ஜனங்களைக் கிளம்பச் சொல் என்கிறார்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பகுதியை மட்டும் காட்டி இதுதான் சட்டை என்று யாராவது சொன்னால் அவள் சிரித்திருப்பாள். வெட்டி எடுத்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேண்டுமென்றே அங்கே நிறுத்தினாரா, அவர் கண்ணுக்கும் அந்த வரி படவே இல்லையா, அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. அதைத் தோண்டுவது நம் வேலை இல்லை.

அன்றைக்கே எழுந்து போய்விட்டாள் என்று நினைக்காதீர்கள். முதலில் கோபம்தான் வந்தது, அதுவும் ஆண்டவர் மேல். "இத்தனை வருஷம் பேசாம பார்த்துட்டுத்தானே இருந்தீங்க" என்று அழுதாள். அழுது ஓய்ந்த பிறகுதான் உறைத்தது, அவள் இத்தனை வருஷம் அவரிடம் எதையுமே கேட்கவில்லை. சுவரைப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அண்ணன் இல்லாத நேரமெல்லாம் வாசித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் வரிசையாக வாசித்தாள். வாக்குப் பெற்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருத்தரைப் போகிற ஊர் தெரியாமலே கிளம்பச் சொல்கிறார். ஒருத்தரை மழைக்கு முன்னால் கப்பல் கட்டச் சொல்கிறார். வாக்குக் கொடுத்தவர் கூடவே நடக்கிறார், ஆனால் நடக்காதவர்களைத் தூக்கிக்கொண்டு போவதாக எங்கேயும் காணோம்.

மாசம் முடிய எட்டு நாள் இருந்தது. ஒரு அடையாளம் கொடுங்கள் ஆண்டவரே என்று ஜெபித்தாள். இரண்டு நாள் போனது, ஒன்றும் வரவில்லை. நாலாவது நாள் கடல் கதையை மறுபடி எடுத்தாள். கிளம்பச் சொன்னபோது கடல் இன்னும் மூடித்தான் கிடந்தது. பிளந்த பிறகு கிளம்பு என்று அவர் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்தாள். அடையாளம் கேட்பதை விட்டுவிட்டாள். இரண்டு உடுப்பு, ஒரு துண்டு, ஊசிப் பெட்டி, அண்ணி கொடுத்த சீட்டு, எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் காலை. கீறி வைத்த ஒரு துளை பாக்கி இருந்தது, அதை மட்டும் கட்டி முடித்து நூலைக் கடித்தாள். பையை எடுத்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

"எங்கே?" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

"ஆஸ்பத்திரித் தையலறைக்கு. வேலைக்குப் போறேன் அண்ணா."

கத்தரி நின்றது. மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணன் பையைப் பார்த்தார்.

"வசனத்தை மீறிப் போறே."

"மீறல அண்ணா. அதுக்கு அடுத்த வரியைப் படிச்சேன். கிளம்பிப் போகச் சொல்லுதே."

அண்ணன் கத்தரியை மேஜையில் வைத்தார். பிறகு, "அது மோசேக்குச் சொன்னது" என்றார்.

"அப்போ முந்தின வரி மட்டும் எனக்குச் சொன்னதா அண்ணா?"

தையற்காரர்களில் ஒருவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் முகம் சிவந்தது. வளர்த்ததை, பட்டதை, இவளுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதை எல்லாம் சொன்னார். ஒன்றும் பொய்யில்லை, அவளும் மறுக்கவில்லை. கடைசியில், "உன்னை யாரு கட்டிப் போட்டா? கதவு தொறந்துதானே கிடக்கு" என்றார்.

"ஆமா அண்ணா. நீங்க வளர்த்ததை நான் மறக்கமாட்டேன். லீவு கிடைச்சா வருவேன்."

அவர் குரல் தணிந்தது. "இந்தக் கட்டையாவது முடிச்சிட்டுப் போ."

அந்த வார்த்தைக்கு அவள் கால் தன்னால் திரும்பியது. திரை வரைக்கும் போய்விட்டாள். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. கட்டுக்குள் இருபத்திரண்டு சட்டை. அதற்கு அடியில் இன்னொரு கட்டு, முடிச்சுக்கூட அவிழ்க்காமல். உட்கார்ந்தால் இன்றைக்குப் பஸ் போய்விடும். நாளைக்கும் உட்காருவாள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"கோடு மட்டும் போட்டு வச்சிருக்கேன் அண்ணா. எதையும் கீறல. யார் எடுத்தாலும் துணி பிரியாது" என்றாள்.

வெட்டுமேஜையைச் சுற்றி நடந்தாள். சமையலறைத் திரைக்குப் பக்கத்தில் அண்ணி கரண்டியும் கையுமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் வெயில் முகத்தில் அடித்தது, கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. பஸ் நிற்கிற இடம் வலது பக்கமா இடது பக்கமா என்றுகூட அவளுக்குத் தெரியாது. "கூட வாங்க ஆண்டவரே" என்று முணுமுணுத்துவிட்டு, யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று படியிறங்கினாள்.