சட்டை துவைப்பவளிடம் மறைத்தது

எடை குறைப்பு ஆபரேஷனுக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு டாக்டரிடம் போனேன். "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டபோது மனைவி பக்கத்தில் இருந்ததால், இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டரும் அதையே கேட்டார். நான் தயங்குவதைப் பார்த்து மனைவி சொன்னாள்: "தினமும் பிடிக்கிறாரு டாக்டர். சட்டை துவைக்கிறது நான்தானே."

"மறைச்சிருந்தா மூச்சுக்கே ஆபத்தாயிருக்கும். தையலும் சீக்கிரம் ஆறாது" என்று சொல்லி மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் மனைவி, "நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இத்தனை நாள் பாத்தேன்" என்றாள்.

இரண்டு மாதம் சிகரெட்டைத் தொடாமல் இருந்த பிறகே ஆபரேஷன் நடந்தது. இப்போது பரிசோதனைக்குப் போனால், டாக்டருக்குப் பதில் சொல்லிவிட்டு, "நான் சொன்னது சரிதானே?" என்று மனைவியையும் கேட்டுக்கொள்கிறேன்.