வியாழன் பின்னேரத்து டிரம்ஸ்

அந்த அமெரிக்க டிரம்ஸ்காரனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டையிலே போவான்.

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலேர்மோவில் நான் வேலைசெய்த வீட்டு எசமானி, எங்கள் சிஞ்ஞோரா, அவனைக் கும்பிடாத குறை. தாளக்கட்டு இல்லாத ஜாஸ் அவனுடையது. ஆடத் தோதில்லாத அடி என்று அவன் ஊர்க் கிளப்காரர்களே துரத்திவிட்டார்களாம். அவன் மசியவில்லையாம். ஐரோப்பாவுக்கு வந்து, சொந்தக் குழு வைத்து, இசைத்தட்டுகள் போட்டுப் பெரிய ஆளாகிவிட்டானாம். துரத்தினவர்களுக்குக் காது இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கச்சேரிக்கு வந்தவன் எங்கள் வீட்டிலேயே தங்கினான். வியாழன் பின்னேரங்களில் சலோன் என்கிற பெரிய கூடத்தில் குழுவுக்கு ஒத்திகை. இங்கே வீட்டுவேலை செய்கிற எங்கள் எல்லாருக்கும் வியாழன் பின்னேரம்தான் லீவு. அன்றுதான் நான் பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு கடைக்குப் போய்க் கொழும்புக்கு டெலிபோன் எடுப்பேன். யாழ்ப்பாணத்துக் குண்டுவீச்சுக்கும் பீரங்கிச் செல்லடிக்கும் தப்பி என் தங்கையோடு ஓடிவந்த எட்டு வயது மகள் அங்கே இருந்தாள். விசா கிடைத்துவிட்டது. கூட்டிவர மன்னார்ப் பெண் ஒருத்தியும் ஒத்துக்கொண்டாள். மகள்தான் பிளேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே ஓடினாள். "இஞ்சை ஒரு சத்தமும் இல்லை, ராசாத்தி" என்று வாராவாரம் கெஞ்சி, ஒருவழியாக "ஓம், வாறன்" என்று சொல்லவைத்திருந்தேன்.

மகளின் பயணத்துக்கு முந்தின வியாழன், குழுவுக்குக் கோப்பி போட ஆளில்லை என்று சிஞ்ஞோரா என்னை மறித்தாள். வீட்டு டெலிபோனிலேயே பேசிக்கொள்ளட்டுமாம். என்ன பெரிய மனசு!

மகள் குரல் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவன் சலோனில் தொடங்கினான்.

"அம்மா, அங்கையும் செல் அடிக்கிறாங்களோ?"

"இல்லையம்மா, அது டிரம்ஸ். ஒரு விசரன் அடிக்கிறான்."

"பொய் சொல்லாதேங்கோ. நான் வரமாட்டன்."

டெலிபோன் வைக்கப்பட்டது. சலோனுக்குள் பாய்ந்து அவனுடைய சிம்பல் தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

"நிப்பாட்டடா! என்ரை பிள்ளை செல்லெண்டு பயந்திட்டாள்!"

சிஞ்ஞோரா வெளிறிப்போய் என்ன நடந்தது என்று கேட்டு, அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் தன் இசை அந்தப் பிள்ளைக்குத்தான் சரியாக விளங்கியிருக்கிறதாம்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். கச்சேரியன்று மேடையிலும் அதையே சொன்னான். சனம் எழுந்து நின்று கைதட்டியது. சிஞ்ஞோராவின் கோட்டைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நின்றேன். அதற்கு முதல்நாள்தான் மன்னார்ப் பெண் தனியாக வந்து இறங்கியிருந்தாள். தங்கை எப்படியோ கட்டுநாயக்கா விமான நிலையம்வரை கூட்டிப்போயும், பிளேனைக் கண்டதும் மகள் மன்னார்ப் பெண்ணின் கையை உதறிக்கொண்டு தங்கையிடமே திரும்பி ஓடிவிட்டாளாம். அவளுடைய சின்னப் பை மட்டும் வந்தது.