பிறேக் கம்பி

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பண்ணையில் புல் வெட்டும் மெசின் என் பொறுப்பில் இருந்தது. அதன் சுழலும் தலையில் மீன் தூண்டிலுக்குக் கட்டும் தடித்த தங்கூசி நூலைத்தான் பூட்டவேண்டும். அன்று தங்கூசி முடிந்துவிட்டது. பண்ணைப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்கக் கூச்சம். சைக்கிள் பிறேக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டிப் பூட்டினேன்.

கூட வேலை செய்த மலைநாட்டு முருகையா எட்டிப் பார்த்தார்.

“இது புல்லு வெட்டவா, ஆள வெட்டவாண்ணே?”

“ஒண்டும் நடக்காது. நீர் தள்ளி நில்லும்.”

கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டு கல்லில் பட்டு அறுந்து பறந்தது. முருகையா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு விழுந்தார்.

கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த பொறுப்பாளரிடம், “கல்லு தெறிச்சிருச்சுங்க ஐயா” என்று முருகையாவே சொன்னார்.

பொறுப்பாளர் போனதும் முருகையா என் கையைப் பிடித்தார். “அண்ணே, மிச்சக் கம்பியக் கழட்டிட்டீங்களா? தெரியாம வேற யாராச்சும் ஓட்டிறப் போறாங்க.”

“ஓம், கழட்டிட்டன்.”

அது பொய்யில்லை. அவர் புல்லில் கிடந்து முனகியபோது, அவரைத் தூக்க முன்னமே அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று.

முருகையா நிம்மதியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் என்னை விடவில்லை.