நல்ல கைகளோடு போன நாள்

என் பெரியப்பா மகள் மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, காலையில் எழுந்தால் அவள் விரல்கள் மடங்க மறுத்தன. முதலில் தூங்கிய கோணம் சரியில்லை என்று நினைத்தாள். பிறகு விடுதி மெத்தையைக் குறை சொன்னாள். மூன்றாவதாகத்தான் தோழிகளிடம் சொன்னாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வரிசையில் நின்று சீட்டு வாங்கி டாக்டரைப் பார்க்க மாட்டார்கள். வராந்தாவில் எதிர்ப்படும் சீனியரை மறித்துக் கேட்பார்கள். அவரும் நடந்துகொண்டே ஒரு மாத்திரை பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அக்காவுக்கு அந்த வாரம் எந்தப் பாடம் நடந்ததோ அந்த வியாதி வந்தது. ஒருத்தி ரத்தசோகை என்றாள், ஒருத்தி தைராய்டு என்றாள், ஒருவன் பரீட்சை பயம் என்று சொல்லிவிட்டு அவளுடைய குறிப்புகளைக் கடன் வாங்கிப் போனான். அத்தனை பேரும் அவளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஒருவர்கூட அவள் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அறைத் தோழிக்கு விடுதியில் 'வானொலி' என்று பெயர். வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. காலையில் அக்காவின் வெள்ளைக் கோட்டுக்கு அவள்தான் பட்டன் போட்டுவிடுவாள்.

"என் புருஷனுக்குப் பட்டன் போடறதுக்கு இப்பவே பயிற்சி ஆயிடுச்சு எனக்கு. திரும்புடி. ஒழுங்கா மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்ப் படு."

"லீவு எடுத்தா வருகைப்பதிவு போயிடும். ஜூனியர் பேட்சோட உட்காரணும். நீங்கள்லாம் மேல போயிடுவீங்க."

"போனா என்ன? மேலேயிருந்து கையாட்டறேன்."

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

"உனக்கு எல்லாமே பரீட்சை."

வானொலி சொன்னது தப்பில்லை. பெரியப்பா பேருந்து ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அக்கா. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் எதிலும் பின்வரிசைக்குப் போனதில்லை. அந்த ஆண்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அவள் போட்ட தையலைப் பார்த்துத் துறைத் தலைவர், "இது யார் கை?" என்று கேட்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் அறுவை செய்யும்போது பக்கத்தில் நிற்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. படிப்பு முடிந்ததும் அந்தத் துறைதான் என்று முடிவு செய்துவிட்டாள். அப்படிப்பட்ட நேரத்தில் லீவு எடுப்பதைப் பற்றி அவளால் நினைக்கக்கூட முடியவில்லை.

வீட்டுக்குத் தொலைபேசியில் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா, "ஒரு வருஷம் போயிடுமேம்மா. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடேன்" என்றார். வலி எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை.

கடைசியில் வானொலி சண்டை போட்டு, மூட்டு நோய் டாக்டரிடம் முறைப்படி ஒரு நாள் வாங்கிக் கொடுத்தாள். அந்த டாக்டர் நிதானமானவர், மாணவர்களிடம் கனிவானவர். நோய் உறுதியானால் அவரே லீவுக்கு எழுதிக் கொடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். போவதற்கு முந்தைய நாளும் அன்று காலையும், ஒரு சீனியர் எப்போதோ கொடுத்து வைத்திருந்த ஸ்டீராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வெந்நீரில் கைகளை ஊறவைத்தாள். வீக்கம் வடிந்தது. எந்த மூட்டை அமுக்குவார், எங்கே வலிக்கிறதா என்று கேட்பார் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். வேறு யாருக்கும் இப்படி ஏமாற்றத் தெரிந்திருக்காது.

டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். அவள் முகம் சுளிக்கவில்லை.

"காலையில எழுந்தா எவ்ளோ நேரம் விறைப்பா இருக்கும்மா?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று சொன்னால் அது மூட்டு நோய்தான் என்று அவர் முடிவு செய்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குத் தேர்வில் பதில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தாள். உண்மையில் மதியம் வரை இருக்கும்.

"கால் மணி நேரம் இருக்கும் சார்."

அவர் மீண்டும் ஒரு முறை கைகளைத் திருப்பிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் இரண்டுங்கெட்டானாகத்தான் வந்தது. "வீக்கம் வந்தா அன்னைக்கே ஓடி வா. நேரம் காலம் பார்க்காதே" என்று அனுப்பிவிட்டார். அக்கா வெளியே வந்து வானொலியிடம், "ஒண்ணும் இல்லைன்னுட்டார்" என்றாள். சந்தோஷமாகவே சொன்னாளாம். மாத்திரை விஷயம் வானொலிக்குத் தெரியாது. அவள் அன்று அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

அதன்பின் லீவு பற்றி யாரும் பேசவில்லை. வலி வரும்போதெல்லாம் அந்த மாத்திரை இருந்தது. குளிர் மாதங்கள் போயின. மாத்திரைக்கும் வலி அடங்காமல் போன ஒரு காலை, விபத்துப் பிரிவில் தகரம் கிழித்த முன்கையோடு ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். தைக்க அக்காவை அனுப்பினார்கள். கையுறையை மாட்டும்போதே விரல் முட்டிகளில் இறுகிக் கிழிந்தது.

மூத்த நர்ஸ் இன்னொன்றைப் பிரித்தார். "உன் சைஸ் இதுதானேம்மா? எப்பவும் இதைத்தானே எடுப்பே?"

"பெரிசா குடுங்க சிஸ்டர்."

முதல் தையல் போட்டாள். ஊசி பிடிக்கும் இடுக்கி பூட்டிக்கொண்டது. அதை விடுவிக்க விரலால் ஒரு சின்ன நெட்டு நெட்டினால் போதும். விரல் கேட்கவில்லை. இன்னொரு முறை முயன்றாள். படுத்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, துருப்பிடிச்சுடுச்சா? குடுங்க, நான் எடுத்துவிடறேன். இன்னொரு கை சும்மாதானே இருக்கு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டார். இடுக்கியை மெல்ல வாங்கிக்கொண்டு, "நீ போம்மா. நான் வேற ஆளைக் கூப்பிடறேன்" என்றார்.

அக்கா அப்படியே மூட்டு டாக்டரின் அறைக்குப் போனாள். இந்த முறை அவர் தொடுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

"இது நேத்து இன்னைக்கு வந்தது இல்லையேம்மா. முன்னாடி வந்தப்ப ஒண்ணுமே இல்லையே?"

"மாத்திரை போட்டுட்டு வந்தேன் சார். விறைப்பையும் குறைச்சுச் சொன்னேன்."

"ஏம்மா?"

"லீவு எழுதிடுவீங்கன்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவள் கையை விடாமலே, "அன்னைக்கு உன்னை நான் பாஸ் பண்ணி விட்டுட்டேனே" என்றார். எக்ஸ்ரே படத்தில், மூட்டு எலும்புகள் அரிபடத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அன்றே லீவுக்கு எழுதினார். அவள் மறுக்கவில்லை.

லீவில் வீட்டில் இருந்தபோது சிகிச்சை நன்றாகவே வேலை செய்தது. வலி போனது, வீக்கம் போனது. வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் நேராகவில்லை. சிகிச்சையைச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால் அவையும் தப்பியிருக்கும் என்று டாக்டர் அவளிடம் மறைக்காமல் சொன்னார். இனி அவள் படிப்பை முடிக்கலாம், டாக்டராகலாம், மருந்து எழுதலாம். அறுவைச் சிகிச்சை மட்டும் இல்லை.

கல்லூரிக்குத் திரும்பும் நாளில் பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் பெரியப்பாவோடு நானும் போனேன். அவர் சீருடையில் இருந்தார், மாலையில் வேலை. பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு விரல்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

"நான் அன்னைக்குப் போன்ல பல்லைக் கடிச்சுக்கோன்னு சொல்லாம, வந்துடும்மான்னு சொல்லியிருந்தா?"

அக்கா அவரைப் பார்த்துச் சொன்னாள். "அப்பவும் இப்படித்தாம்பா ஆகியிருக்கும். இந்த வியாதி அப்படி."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னார்."

பெரியப்பா தலையாட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி புறப்படும் வரை அவர் சன்னலோரமாகவே நின்று, மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தில் கை வைக்காதே என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா" என்றாள்.