கூட்ட மறந்த பத்து

இரும்புத் துண்டின் மேல் கோடு கிழித்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே மறுபடி நீல மசியைப் பூசி மறைத்தார் ஃபிட்டர் அண்ணன். காலையிலிருந்து இது நான்காவது தடவை. மசி காய்வதற்குள் பொறுமையில்லாமல் வாயால் ஊதுகிறார்.

என் பக்கத்து வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காரை விற்று, அது நின்ற கொட்டகையில் ஒரு லேத்தையும் துளை போடும் மிஷினையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தாலும் சட்டைப்பையில் ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். இடது செருப்பு ஒரு மில்லிமீட்டர் நீளம் என்று புதுச் செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்த மனிதர். "ஒரு மில்லிமீட்டர்தானேன்னு சொல்லாதே. இதையே பத்து தடவை சொன்னா ஒரு சென்டிமீட்டர் போச்சுடா" என்பார்.

அப்பேர்ப்பட்டவர்தான் நேற்று சொதப்பிவிட்டார்.

அண்ணியின் சக்கர நாற்காலியில் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை போன வாரம் உடைந்தது. அந்த மாடலே இப்போது வருவதில்லை. வாடகை நாற்காலியில் அண்ணியின் முதுகு அரைமணி நேரம் தாங்காது. நானே செய்கிறேன் என்று இறங்கினார் அண்ணன். இரண்டு துளை, நடுவில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர். அவர் ஸ்கேலின் நுனி தேய்ந்துபோனது. அதனால் பத்தாம் கோட்டிலிருந்துதான் அளப்பார். பத்தைக் கூட்டி எழுபத்திரண்டில் புள்ளி வைக்க வேண்டும். நேற்று கூட்ட மறந்து அறுபத்திரண்டிலேயே வைத்து, துளையும் போட்டுவிட்டார்.

அதே கனத்தில் மிச்சம் இந்த ஒரு துண்டுதான். இரும்புக் கடை இரண்டு நாள் திறக்காது. நாளை காலை மகளைப் பிரசவத்துக்குச் சேர்க்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"பொறக்கப்போற பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போனப்புறம்தான் முடிப்பீங்களா?" பட்டறை மேஜையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அண்ணி கேட்டார்.

"சும்மா இரு. இதுவும் போனா வேற துண்டு இல்ல." சொல்லிவிட்டு, காய்ந்த மசியில் ஐந்தாவது தடவையாகக் குறுக்குக் கோட்டைக் கிழித்தார் அண்ணன்.

அண்ணி ஸ்கேலை வாங்கி, முதல் துளைக்காக ஏற்கெனவே குத்தியிருந்த புள்ளியில் பத்தாம் கோட்டை வைத்தார். "எழுபத்திரெண்டு. பத்தும் சேர்ந்திருக்கு. சரியா?"

"சரிதான்."

"அப்ப அடிங்க."

புள்ளி குத்தும் கூர் உளியைக் கோட்டில் நிறுத்தினார் அண்ணன். முனை நழுவியது. மறுபடி நிறுத்தினார், மறுபடி நழுவியது. அண்ணி குனிந்து இரண்டு விரலால் அதைப் பிடித்து நிமிர்த்தினார்.

"விரலை எடு."

"எடுத்தா நழுவும். அடிங்க."

சுத்தியல் ஒரு தரம் விழுந்தது. கோடுகள் வெட்டும் இடத்திலேயே புள்ளி விழுந்திருந்தது. வெறும் கண்ணில் எனக்கே தெரிந்தது. அண்ணன் லென்ஸை எடுத்து, அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.